சிஸ்டம் ரூமுக்கு ஒரு வாழைப்பழம்

சித்தூருக்கு வெளியே வேலூர் ரோட்டில் இருக்கிறது அந்த மாம்பழக் கூழ் ஃபேக்டரி. ஆயுத பூஜைக்கு அங்கே எத்தனை வாழைப்பழம் வேண்டும் என்பது ஸ்டோர் கீப்பர் முனிகிருஷ்ணனுக்கு மனப்பாடம். பாய்லருக்கு இரண்டு, ஜெனரேட்டருக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று, பழம் கழுவும் தொட்டிக்கு ஒன்று, நிற்கிற லாரி ஒவ்வொன்றுக்கும் ஒன்று, வாசல் கேட்டுக்குக்கூட ஒன்று. பழத்தை வைத்து அதில் ஊதுவத்தியைக் குத்திவிட்டால் முடிந்தது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சிஸ்டம் ரூமுக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. சத்தம் போடாத, டீசல் குடிக்காத, கை வைத்தால் கையை இழுக்காத ஒன்றை இயந்திரம் என்று முனிகிருஷ்ணன் ஒப்புக்கொண்டதே இல்லை.

அந்த ரூம்தான் தாட்சாயணியின் இடம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூலையில் மெயில் சர்வர், சுவர்ப் பலகையில் இண்டர்நெட் டப்பா. அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலிக்கு அவள் வந்த வழி நீளமானது.

நகரிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, பத்தாவது முடித்து, கல்யாணமாகிச் சித்தூர் வந்தவள். பத்தொன்பது வயதில் இதே ஃபேக்டரியில் வெட்டுகிற ஷெட்டில் சேர்ந்தாள். தோத்தாபுரி மாங்காயின் காம்பைக் கிள்ளினால் பால் பீய்ச்சும். அது பட்ட இடம் பொசுங்கிக் கறுத்துப்போகும். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களில் அந்தக் கறுப்பு இன்னும் இருக்கிறது. ஒரு சீசனில், கேட்டில் அறுபது லாரி நிற்கும்போது, எடைமேடைக் கம்ப்யூட்டர் போடுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதலாளி ரமணா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நான் போடட்டா சார்?" என்று கேட்டவள் தாட்சாயணி. தினம் சீட்டு வாங்க வரும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு சீட்டுகூடத் தப்பவில்லை.

அதற்கப்புறம் அவளை யாரும் ஷெட்டுக்குக் கூப்பிடவில்லை. மெயில் சர்வரை வைத்த தணிகாசலம் என்ற இன்ஜினியர் பெங்களூருக்குப் போனபோது ஒரு நோட்டுப் புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். ரமணா அந்த நாற்காலியையும் கொடுத்தார். "சிஸ்டம் மேடம்" என்று ஆபீஸில் கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் மரியாதைக்கு, பாதிப் பேர் கேலிக்கு. அவளுக்கு இரண்டும் பிடித்திருந்தது.

புதன்கிழமை ஆயுத பூஜை. தாட்சாயணி மதியமே சர்வரை நிறுத்தித் துடைத்தாள். இண்டர்நெட் டப்பாவை மட்டும் நிறுத்தவில்லை, கேட் கேமரா அதில்தான் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஸ்டோருக்குப் போய் ஒரு பழம் கேட்டாள்.

"தீந்து பூட்ச்சிம்மா," என்றார் முனிகிருஷ்ணன். "உன் டப்பாவுக்கு இன்னாத்துக்குப் பழம்? அது துன்னப் போவுதா?"

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். கொளுத்திய ஊதுவத்தியைப் பலகைப் பக்கம் கைக்குக் கிடைத்த இடத்தில் குத்தி, கற்பூரம் காட்டி, கும்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வியாழன் தசரா, லீவு.

வெள்ளிக்கிழமை காலையில் சர்வர் எழுந்திருக்கவில்லை. பல வருஷம் நிற்காமல் ஓடிய அதன் ஹார்ட் டிஸ்க், ஒரு நாள் ஓய்வு கொடுத்ததும் அப்படியே படுத்துவிட்டது. கூடவே இண்டர்நெட்டும் இல்லை. லைன்காரன் வந்து டப்பாவைப் பார்த்தான். "எல்லாத்தையும் மறந்து உக்காந்துகினு கீதும்மா. கரண்டு ஏறி இறங்கியிருக்கும்," என்று பேரும் பாஸ்வேர்டும் அடித்து நெட்டை வரவழைத்துவிட்டுப் போனான். நெட் வந்துவிட்டதல்லவா, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

தாட்சாயணி ஸ்டோரில் தூசியோடு கிடந்த வேறொரு கம்ப்யூட்டரை எடுத்து, தணிகாசலத்தின் நோட்டை விரித்து வைத்து, புது சர்வர் போட ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே இங்கிருந்து மெயில் போனது. வரத்தான் இல்லை.

சனிக்கிழமை சென்னை ஏஜெண்டு போன் செய்தார். வெளிநாட்டுக் கம்பெனி கூழ் மாதிரியைப் பார்த்து ஒப்புதல் அனுப்பிவிட்டதாம். புதன் சாயங்காலம் ஆறரைக்கு. ஏன் இன்னும் பதில் இல்லை என்று கேட்கிறார்கள் என்றார். வேறு விலாசத்துக்கு அனுப்பச் சொன்னால் கேட்க மாட்டார்கள். பதிவான விலாசத்துக்கு மட்டும்தான் அனுப்புவது என்பது அவர்கள் சட்டம்.

மெயிலுக்கு ஒரு குணம் உண்டு. போய்ச் சேர வேண்டிய இடத்தில் வாசல் மூடியிருந்தால் அது உடனே திரும்பிப் போய்விடாது. அனுப்பிய கம்ப்யூட்டர் அதை வைத்துக்கொண்டு மணிக்கொருதரம் வந்து தட்டிப் பார்க்கும். பெரும்பாலும் ஐந்து நாள் பார்க்கும். அப்புறம், கொடுக்க முடியவில்லை என்று எழுதி அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடும். புதன் ஆறரையிலிருந்து ஐந்து நாள் என்றால் திங்கள் ஆறரை. தாட்சாயணி அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

அன்று மதியமே பாதி விஷயம் பிடிபட்டது. புது சர்வரிலேயே உட்கார்ந்து தட்டினால் அது அழகாகப் பதில் சொன்னது. பக்கத்து அறை அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரிலிருந்து தட்டினால் வாயே திறக்கவில்லை. புதிதாகப் போட்ட மெயில் சர்வர் தன் குரலை மட்டும்தான் கேட்குமாம், வெளியார் குரலைக் கேட்க நாமாகச் சொன்னால்தான் உண்டு என்று நெட்டில் இருந்த வழிகாட்டியில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியைத் தேடிப்பிடித்து, எல்லார் குரலையும் கேள் என்று மாற்றினாள். சர்வருக்குள் இருந்த காவலிடமும், மெயில் வருகிற இருபத்தைந்தாம் எண் வாசலைத் திறந்துவிடச் சொன்னாள். அக்கவுண்ட்ஸ் ரூமிலிருந்து தட்டினாள். பதில் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று தன் போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். வரவில்லை.

சாயங்காலம் ரமணா திருப்பதியிலிருந்து ரகுவைக் கூட்டிவந்தார். ரகு மெயில் சேவை விற்கிற கம்பெனிக்காரன். தங்கமான பையன், சட்டை மடிப்புக் கலையாதவன். சர்வரைப் பார்த்து நல்லாத்தான் இருக்கிறது என்றான். தன் போனில் நெட்டைப் போட்டு, லேப்டாப்பிலிருந்து இருபத்தைந்தாம் வாசலைத் தட்டினான். ஒரு நிமிஷம் போயிற்று, சத்தமே இல்லை.

"லைன் கம்பெனி அடைச்சி வெச்சிருக்காங்க சார். இது தெறக்காது. எங்க சர்வீசுக்கு மாத்திடுங்க. செவ்வாக்கிழமை நான் வந்து மாத்திக் குடுத்துடறேன்."

லைன் கம்பெனிக்குப் போன் போட்டால், நாங்கள் எதையும் அடைக்கவில்லை என்றார்கள். இவன் அவர்களைச் சொன்னான், அவர்கள் இல்லவே இல்லை என்றார்கள். நடுவில் நின்றவள் தாட்சாயணி.

ரமணா தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் தணியும், அன்று மிகவும் தணிந்திருந்தது. "சூடம்மா, இங்க பாரு தாட்சாயணி, திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாரு. வரலேன்னா ரகு பாத்துக்குவாரு. உன்ன வெளிய அனுப்ப மாட்டேன். ஷெட்டுல சூப்பர்வைசரா இரு. அதுவும் நல்ல வேலையே கதா, இல்லியா?"

நல்ல வேலைதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அவளுக்கு அந்த மாம்பால் நினைவுக்கு வந்தது. வலது கை விரல்கள் தாமாக உள்ளே மடங்கிக்கொண்டன. "சரிங்க சார்," என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கோபம் வந்தது. சர்வர் நல்லாத்தான் இருக்கிறது என்று அவனே சொல்கிறான், அப்புறம் நான் எதற்கு ஷெட்டுக்குப் போக வேண்டும்? பார்த்துவிடலாம் என்று பல்லைக் கடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. போனை எடுத்து, ரகு செய்ததையே செய்தாள். ஆனால் தன் சர்வரைத் தட்டவில்லை. உலகம் முழுக்க மெயில் வாங்குகிற ஒரு பெரிய கம்பெனியின் வாசலைத் தட்டினாள். அங்கேயும் சத்தம் இல்லை. அவ்வளவு பெரிய கம்பெனி வாசலைச் சாத்திக்கொண்டா உட்கார்ந்திருக்கும்? போன் கம்பெனிதான் இருபத்தைந்தாம் எண்ணை வெளியே போகவே விடுவதில்லை. அப்படியானால் ரகு தட்டியது நம் வாசலுக்கு வந்தே சேரவில்லை. குழம்பை இறக்கிவைத்துவிட்டு வழிகாட்டியைத் திறந்தாள். வாசலுக்கு வெளியிலிருந்து தட்டினால் இரண்டு விதமாக ஆகலாம் என்று போட்டிருந்தது. ஒன்று, சத்தமே இருக்காது, அப்போது வழியில் எங்கேயோ அடைப்பு. இன்னொன்று, முடியாது என்று உடனே பதில் வரும், அப்போது வீடு வரைக்கும் போய்விட்டோம், வீட்டில் இருக்கிறவர்தான் விரட்டுகிறார். லைன் கம்பெனியா, நம் வீடா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். வேண்டியது ஒன்றுதான். அடைப்பு இல்லாத ஒரு லைன்.

கேசியாவுக்குப் போன் செய்தாள். இரண்டு பேரும் ஒரு காலத்தில் சித்தூரில் ஒரே டைப்பிங் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவர்கள். கேசியா இப்போது திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறாள். சர்ச்சிலிருந்து வெளியே வந்ததும் எடுத்தாள்.

"எங்க லேப்புல சொந்த லைன்க்கா. பசங்க மெயில் சர்வர் பாடத்துக்கு எல்லாம் தொறந்துதான் வெச்சிக்கீறோம். காலீல வா."

திங்கள் விடிந்ததும் முதல் பஸ். பூதலப்பட்டு, சந்திரகிரி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் மலைக்குப் போகிற குடும்பங்கள் மூட்டையோடு ஏறின. பக்கத்து சீட்டுப் பெண்மணி, நீயும் சாமி பார்க்கவா என்று கேட்டாள். "இல்லமா, ஒரு கதவைத் தட்ட," என்றாள் தாட்சாயணி. அந்தம்மா மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

லேப்பில் கேசியா கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தாள். முதலில் அந்தப் பெரிய கம்பெனியின் வாசலைத் தட்டினார்கள். டக்கென்று பதில் வந்தது. லைன் சுத்தம். அடுத்தது ஃபேக்டரி. எண்ணை அடித்துவிட்டு, தாட்சாயணி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே கீயை அழுத்தினாள். கண் இமைப்பதற்குள் திரையில் ஒரு வரி வந்தது. இணைப்பு மறுக்கப்பட்டது. இன்னொரு முறை அழுத்தினாள். அதே வரி, அதே வேகம்.

தாட்சாயணி சிரித்தாள்.

"அக்கா, முடியாதுன்னு மூஞ்சில அடிச்சாப்புல சொல்லிக்கினு கீது. நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?"

"சொல்லுதே கேசியா. சொல்லுதுல்ல? லைன் கம்பெனி அடைக்கல. நம்ம வூடு வரைக்கும் போவுது. நம்ம வூட்ல எவனோ தொரத்தறான். சர்வர் தொரத்தல, அத நான் பாத்துட்டேன். அப்ப அதுக்கு முன்னாடி நிக்கிறது எது?" சொல்லிக்கொண்டே பையை எடுத்துவிட்டாள். "அந்த டப்பா. நான் போன் போட்டதும் நீ திரும்பத் தட்டு."

"இட்லியாவது துன்னுட்டுப் போக்கா."

"வந்து துன்றேன்."

சித்தூர் வந்து சேரும்போது மணி ஒன்றே முக்கால். நேராகப் பலகைக்கு முன் போய் நின்றாள். டப்பா பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சந்தன மணத்தோடு உட்கார்ந்திருந்தது. உள்ளே நுழைய அதன் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டு வேண்டும். எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் தான் அப்பிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். சந்தனம் போனதும் அடியிலிருந்து ஆங்கில எழுத்துகள் வந்தன. ரீசெட். அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. துளையின் வாயில் கொஞ்சம் சாம்பல்.

பலகைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். ஒயர்களுக்கு நடுவே, எரிந்து முடிந்த ஊதுவத்தியின் மூங்கில் குச்சி கிடந்தது.

அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. புதன்கிழமை பழம் கிடைக்காமல், ஊதுவத்தியைக் குத்த இடம் தேடி, இந்தத் துளைதான் அளவாக இருக்கிறது என்று அழுத்திக் குத்தியது இந்தக் கைதான். உள்ளே ஏதோ மெத்தென்று அமுங்கியதுகூட இப்போது நினைவுக்கு வந்தது. டப்பா அப்போதே எல்லாவற்றையும் மறந்துவிட்டது. லைன்காரன் இண்டர்நெட்டை மட்டும் நினைவுபடுத்திவிட்டுப் போனான். வெளியிலிருந்து இருபத்தைந்தாம் எண்ணில் யார் வந்தாலும் சர்வரிடம் அனுப்பு என்று தணிகாசலம் எப்போதோ எழுதி வைத்ததை யாரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தெரிந்தவர்களும் இங்கே இல்லை. நோட்டில்கூட அது இல்லை. கும்பிட்டுக்கொண்டே குழி பறித்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

பாஸ்வேர்டைப் போட்டு டப்பாவின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். உள்ளே வருகிறவர்களை எங்கே அனுப்புவது என்ற பட்டியல் வெறுமையாக இருந்தது. இருபத்தைந்து என்று எழுதினாள். சர்வரின் விலாசத்தை எழுதினாள், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். சேமித்தாள். கேசியாவுக்குப் போன் போட்டாள்.

"தட்டு."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. அப்புறம் கேசியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இருநூத்தி இருவது... அக்கா, உங்க ஃபேக்டரி பேரு வருது. வணக்கம் சொல்லுதுக்கா."

"சரி, வெச்சிடு," என்றாள் தாட்சாயணி.

இனி அவள் செய்ய ஒன்றும் இல்லை. திரையில் மெயில் வருகைப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டேகாலுக்கு ஒரு விளம்பர மெயில் வந்தது. ஊரில் இல்லாத கடையில் சேலை தள்ளுபடி. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு அவள் போனிலிருந்து சனிக்கிழமை அனுப்பியது வந்தது. பிறகு ஐந்து நாளாக வெளியே நின்ற கூட்டம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. மாதிரிக்கு ஒப்புதல்.

அதைப் பிரிண்டு எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். மேசைமேல் அந்த மூங்கில் குச்சி கிடந்தது. குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. லைன்காரன் சரியாகப் போடவில்லை என்று சொன்னால் அதில் பாதி நிஜம்கூட. ரமணாவுக்கு அது போதும், ரகுவுக்கும் போதும். ஆனால் இதை மறைத்துவிட்டு இதே நாற்காலியில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. வாங்கின இடத்தைத் திருடின இடமாக ஆக்கிக்கொள்வானேன். குச்சியையும் எடுத்துக்கொண்டாள்.

ரமணாவின் அறையில் ரகு இருந்தான், நாளைய வேலைக்குப் பேச வந்திருந்தான். முனிகிருஷ்ணன் ஸ்டோர் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார். தாட்சாயணி காகிதத்தை மேசையில் வைத்தாள். ரமணா படித்தார், இன்னொரு தரம் படித்தார்.

"எட்லா ஒச்சிந்தம்மா? எப்படி வந்துச்சி?"

"லைன் கம்பெனி அடைக்கலங்க சார். சர்வர் மேலயும் தப்பில்ல. நெட்டு டப்பா மறந்துபோச்சி." குச்சியைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "பூஜ அன்னிக்கி நான் இத அதோட ரீசெட் ஓட்டையில குத்திட்டேன். நான்தான் சார். இன்னிக்கி திருப்பதி போய் வெளியேர்ந்து தட்டிப் பாத்ததுல தெரிஞ்சிது. சரி பண்ணிட்டேன்."

ரமணா குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் ரகுவைப் பார்த்தார். "நுவ்வு... நீ கண்டுபிடிச்சிருப்பியாப்பா?"

ரகு உண்மையைச் சொன்னான். "இல்ல சார். டப்பாவோட சேத்துத் தூக்கிப் போட்டிருப்பேன்."

"ஓட்டையில எதுக்கும்மா குத்துன?" என்றார் ரமணா. அவர் குரல் இன்னும் தணிந்துதான் இருந்தது.

"பழம் இல்லீங்க சார். கேட்டேன், தீந்துபோச்சின்னாங்க."

முனிகிருஷ்ணன் தன் கையிலிருந்த ரசீதுப் புத்தகத்தைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். ரமணா அவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்குக்கூடப் பழம் வெக்கிறியேய்யா," என்றார். "அடுத்த வருஷம் மொதப் பழம் சிஸ்டம் ரூமுக்கு. பாய்லருக்குக்கூட அதுக்கப்புறம்தான்."

"சரிங்க சார்," என்றார் முனிகிருஷ்ணன்.

தாட்சாயணி கீழே இறங்கிவந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டப்பாவின் துளைமேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, இருபத்தைந்தாம் எண்ணைத் தணிகாசலத்தின் நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள். அரை மணி கழித்து முனிகிருஷ்ணன் கதவண்டை வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மேசை ஓரத்தில் எட்டி ஒரு வாழைப்பழத்தை வைத்தார்.

"டப்பாவுக்கு இல்ல," என்றார். "நீ துன்னு."